மறைத்து வைத்த இடம்: நெஞ்சு

ஓடைக்கரைப்பட்டியில் முதல் நூல், ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை விடியலில், பல் விளக்கிக்கொண்டிருந்த வெள்ளத்தாயின் தொண்டையிலிருந்து வந்தது. இருபத்தாறு வருடமாக இருமிய அதே இருமலைத்தான் அன்றும் இருமினாள். நாக்கின் அடியில் மயிர் ஒட்டியதுபோல் ஏதோ உறுத்த, இரண்டு விரலை விட்டுப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது, வெள்ளையாக, ஈரமாக, சிக்கில்லாமல், ஒரு முழம், மூன்று முழம், குழாயடியிலிருந்து வாசற்படி வரைக்கும். அறுந்து நின்றதும் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பார்த்தாள். மெல்லிசைப் பார்த்து, நாற்பதாம் கவுண்ட் என்று முடிவு செய்தாள். முறுக்கு சற்றே கூடுதல் என்று குறையும் சொன்னாள். பிறகு கதவின் கொக்கியில் அதைச் சுற்றி வைத்துவிட்டு ஏழு மணி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

அந்த வாரம் முடிவதற்குள் ஊரில் நூல் இருமாத வீடு இல்லை. மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரும் இருமினார்கள், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் இருமினார்கள், கல்யாணமாகி வெளியூர் போய்விட்டவர்கள் அங்கேயிருந்து போன் போட்டு, "ஒங்களுக்கும் வருதா?" என்று கேட்டார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் நின்றவர்களுக்கு வெள்ளை நூல் வந்தது. சாயப் பஞ்சு பிரித்தவர்களுக்கு நீலமும் பச்சையும் வந்தது. கழிவுப் பஞ்சுக் கிடங்கில் குப்பை பொறுக்கிய மாரீஸ்வரிக்கு மட்டும் பருத்திக்கொட்டைத் தூளோடு சொரசொரவென்று சாக்கு நூல் வந்தது, அவள் அதற்காகப் பலநாள் வெட்கப்பட்டாள்.

காரணம் என்ன என்று ஊர் அதிகம் தேடவில்லை; காரணம் எல்லாருக்கும் தெரிந்ததாகவே இருந்தது. மனித உடம்பு ஒன்றும் காவலில்லாத வீடு அன்று. மூக்கின் வாசலில் மயிர்க்கூட்டம் காவல் நிற்கிறது. அதைத் தாண்டி வரும் தூசியைப் பிசுபிசுப்பான சளி பிடித்து வைத்துக்கொள்கிறது. மூச்சுக்குழாயின் சுவரெங்கும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள், வயலில் நெற்பயிர் சாய்வதுபோல் ஒரே திசையில், மேல்நோக்கி, நொடிக்குப் பத்துமுறை அசைந்து அசைந்து, அந்தச் சளியைத் தூசியோடு சேர்த்துத் தொண்டைக்கு ஏற்றி அனுப்புகின்றன. எதுவும் முடியாதபோது இருமல் எழுந்து ஒரே வீச்சில் வெளியே தள்ளுகிறது. அதற்கும் தப்பி நுரையீரலின் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டதை விழுங்கித் தீர்க்க அங்கே வெள்ளை அணுக்கள் காத்திருக்கின்றன. இந்தக் காவலர்களுக்குச் சம்பளம் இல்லை, வார விடுப்பு இல்லை, சங்கம் இல்லை. இருபத்தாறு வருடம் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, பஞ்சை வாரி வாரிக் கைசலித்த அந்த மயிரிழைகள், எத்தனை ஏற்றினாலும் தீராத ஒன்றை ஏற்றிக்கொண்டிருப்பதைவிட நூற்று அனுப்புவது எளிது என்று கண்டுகொண்டன. பார்த்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொள்ளும் ஊர் அது. உள்ளேயிருந்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தானே.

ஊர் அந்த நூலைத் தாராளமாகப் புழங்கத் தொடங்கியது. அதை விளக்குக்குத் திரித்தார்கள். மல்லிகைப்பூ கட்டினார்கள். கொலுசு அறுந்தால் அதைக்கொண்டு முடிந்தார்கள். பூப்புனிதச் சடங்குக்குப் பந்தலில் மாவிலை கட்ட அதுவே போதும் என்றாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயில் வேப்பமரத்தில் மஞ்சள் நனைத்த இருமல் நூலைச் சுற்றியவர்களுக்குப் பூசாரி கூடுதல் விபூதி கொடுத்தார். நூற்பு வேலை பார்த்த பெண்களுக்குக் கோணல் நூலைக் கண்டால் கை சும்மா இருக்காது. அறுந்த முனையைக் கண்டால் விரல் தானாகப் போய் முடிந்துவிடும். ஆகவே அவர்கள் தங்கள் தொண்டையிலிருந்து வந்ததையும் அப்படியே நடத்தினார்கள்: சோப்புத் தண்ணீரில் அலசி, சளியை நீக்கி, தடித்த இடத்தைக் கிள்ளி எறிந்து, மெழுகு தடவி, அட்டைக் கோனில் சுற்றி, யாருடைய நூல் சீரானது என்று தெருக்குழாயில் நின்று போட்டியும் போட்டார்கள்.

"ஒன்னோடது என்ன மதினி, இப்படிப் பிசிறடிக்கு? ஒழுங்காத்தான் மூச்சு விடுறியா?" என்று பக்கத்து வீட்டுச் சீனித்தாய் கேட்பாள்.

"நீ வைண்டிங்குல ஏசி மாதிரி காத்துல நின்னவ. நான் கார்டிங்குக்காரி. வந்து ஒருநாள் நின்னு பாரு, ஒனக்குப் பாய் பாயா நெய்ஞ்சே வரும்" என்பாள் வெள்ளத்தாய்.

சிரிப்பார்கள். சிரித்தால் இருமல் வரும். இருமினால் நூல் வரும். அதைச் சுற்றிக்கொண்டே மீண்டும் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, இந்த மக்கள் எதையும் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதிவிட்டுப் போவதற்கு வெளியூரிலிருந்து ஓரிருவர் வந்தார்கள், எழுதிவிட்டும் போனார்கள்.

வெள்ளத்தாய் சிரித்தாலும் அவளுடைய நெஞ்சில் வேறொரு கணக்கு இருந்தது. மூன்று வருடத்துக்கு முன், நூல் வருவதற்கெல்லாம் முன், அவளுடைய தங்கை குருவம்மாள் முப்பத்தொரு வயதில் செத்துப்போனாள். பதினெட்டு வயதில் அவளைக் கையைப் பிடித்து மில்லுக்குக் கூட்டிப்போனவள் வெள்ளத்தாய். அக்காளும் தங்கையும் பக்கம் பக்கமாக நிற்கலாம் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி, காற்றோட்டமான பாக்கிங்கில் கிடைத்த வேலையை மாற்றிக் கார்டிங்குக்கே வாங்கிக்கொடுத்தவளும் அவள்தான். குருவம்மாளுக்கு முதலில் திங்கட்கிழமைகளில் மட்டும் நெஞ்சு இறுகியது. ஞாயிற்றுக்கிழமை லீவில் நன்றாக இருப்பவளுக்கு, திங்கள் காலை மில்லுக்குள் நுழைந்த நாழிகையில் யாரோ மார்பில் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும். பிறகு செவ்வாயும் இறுகியது. பிறகு வாரம் முழுவதும் திங்கட்கிழமை ஆயிற்று. மயிரிழைகள் ஓய்ந்துவிட்ட குழாய்க்குள், காவலில்லாத வீட்டுக்குள் நுழைவதுபோல் ஒவ்வொன்றாக நுழைந்தன: மாதம் ஒருமுறை ஜலதோஷம், அது ஆறுமுன் தொண்டைப்புண், அது நெஞ்சுக்கு இறங்கி மஞ்சள் சளி, கடைசியில் ஐப்பசி மழையில் வந்த நிமோனியா. மில் ஆஸ்பத்திரி டாக்டர் இறப்புத் தாளில் அந்தக் கடைசி ஒன்றை மட்டும் எழுதினார். அதில் பஞ்சு இல்லை. பதின்மூன்று வருடம் இல்லை. வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டுபோனவன் யாரென்று கேட்காமல், உள்ளே புகுந்த நாயின் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பஞ்சால் செத்தாள் என்று ஒரு வரி. வெள்ளத்தாய் கேட்டது அவ்வளவுதான். அந்த வரி எந்தத் தாளிலாவது, யாருடைய முத்திரையோடாவது இருந்துவிட்டால், தங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதைத் தன்னால் சுமந்துகொள்ள முடியும் என்று நினைத்தாள். நூல் வந்த அன்றே அவள் நினைத்தது குருவம்மாளைத்தான். இது மூன்று வருடம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா என்று நினைத்தாள். குருவம்மாளுக்கு வாய்த்த காவலர்கள் நூற்கக் கற்றுக்கொள்ளுமுன் செத்துவிட்டார்கள்.

மில் மூன்று மாதம் பேசாமல் இருந்தது. ஐப்பசியில், மெயின் கேட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நோட்டீஸ் ஏறியது. பெர்சனல் ஆபீசர் சந்தானகிருஷ்ணன் கையெழுத்திட்டிருந்தார். நாற்பது வயது, மென்மையான குரல், யாரையும் அம்மா என்று கூப்பிடாமல் பேசமாட்டார்.

"ஆலைக்குச் சொந்தமான பஞ்சு, எந்த வடிவத்தில், எந்த இடத்தில் இருந்தாலும், அது ஆலையின் சொத்தே ஆகும். அதனை வெளியே எடுத்துச் செல்வோர் மீது திருட்டுப் புகார் பதியப்படும். மேற்படி நூலை முறையாகக் கழுவி, கோனில் சுற்றி ஒப்படைப்போருக்கு எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று அன்பளிப்பாக வழங்கப்படும்."

"அடப் பாவிகளா, நாம தும்முனதையும் எழுதி வாங்குவானுக போல" என்றாள் சீனித்தாய். ஆனாலும் முதல் வாரமே அவள் இரண்டு தூக்குச்சட்டி வாங்கிவந்தாள், ஒன்று மருமகளுக்கு. ஊர் முழுவதும் தூக்குச்சட்டி பளபளத்தது. நெஞ்சிலிருந்து இழுத்ததை அலசிச் சுற்றி வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, கோன் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவமானத்தில் அழுதார்கள். மில் அதை எல்லாம் வாங்கி, கிடங்கில் கலந்து, எந்த நூல் யார் நெஞ்சிலிருந்து வந்தது என்று பிரம்மாவும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆக்கியது. அதற்காகத்தான் தூக்குச்சட்டி. இதைச் சீனித்தாயிடம் வெள்ளத்தாய் சொன்னபோது அவள் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுக்காகச் சட்டியத் தூக்கியா எறிய முடியும்?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது.

வெள்ளத்தாய் கொடுக்கவில்லை. சேர்த்துவைத்தாள். தை மாதம், மாவட்டத் தலைநகரில் தொழில்நோய்களை ஆராயும் குழு கூடுகிறது என்று கேள்விப்பட்டு மனு போட்டாள். தனக்கும், செத்த தங்கைக்குமாக. அழைப்பு வந்தது. விசாரணைக்கு முந்தைய நாள் முழுவதும் அவள் தன் நூலை அலசினாள். ஒரு முறைக்கு மூன்று முறை அலசினாள். ரத்தம் பட்ட இடங்களை வெட்டி எறிந்து, முனைகளைத் தெரியாமல் முடிந்து, மெழுகிட்டு, பெரிய கோனில், ஒரு சுற்றுக்கும் இன்னொரு சுற்றுக்கும் நடுவே ஊசி நுழையாதபடி சுற்றினாள். பெரியவர்கள் முன்னால் அசிங்கமாக எதையும் கொண்டுபோய் வைக்கக்கூடாது என்பது அவளுடைய எண்ணம். ஒரு நல்ல நூற்புக்காரி செய்யக்கூடிய பிழைகளில் அதுவே பெரிய பிழை.

குழுவின் தலைவருக்கு அன்று ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே கேள்வி கேட்டார். அவருடையது சாதாரணச் சளி, பத்து நாளில் போய்விடும்; அதற்குரிய காவலர்கள் அவருக்குள் முழு எண்ணிக்கையில் வேலைக்கு வந்திருந்தார்கள்.

"வீட்டில விறகு அடுப்பா?"

"கேஸ் அடுப்பு சார்."

"பரம்பரையில ஆஸ்துமா உண்டா?"

"எங்கப்பா எண்பது வயசு வரைக்கும் ஆடு மேய்ச்சாரு. பாம்பு கடிச்சுத்தான் செத்தாரு."

"நீங்க பீடி, சுருட்டு..."

"நீங்க சார்?"

அவர் தும்மினார். மில் தரப்பில் வந்திருந்த சந்தானகிருஷ்ணன் எழுந்து, மேசைமேல் இருந்த கோனைப் பூ எடுப்பதுபோல் எடுத்தார்.

"ஐயா, இந்த அம்மா மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. ஆனா பாருங்க, எவ்வளவு சுத்தமான நூல். ஒரு பிசிறு இல்லை, ஒரு கறை இல்லை. சீக்குள்ள நெஞ்சுக்குள்ளேயிருந்து இப்படி வருமா? இன்னொண்ணு, இது நாற்பதாம் கவுண்ட். நாங்க நாற்பதை நிறுத்தி ஏழு வருஷம் ஆச்சு. இது எங்க பஞ்சே இல்லைங்கய்யா."

"கேட்டுல நோட்டீஸ் போட்டிருக்கீகளே சார், ஆலையோட சொத்துன்னு" என்றாள் வெள்ளத்தாய்.

"அது கேட்டுக்கு, அம்மா" என்றார் அவர் மென்மையாக. "இது குழு."

"அப்ப என் தங்கச்சி?"

"அவங்களுக்கு நிமோனியான்னு டாக்டரே எழுதியிருக்காரே அம்மா. அதுக்கு மேல நாம என்ன எழுத முடியும்?"

கோனைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தார்கள். அருமையான வேலைப்பாடு என்று குழுவில் ஒருவர் மனமாரப் பாராட்டினார். இரண்டு மனுக்களின் மீதும் 'ஆதாரமில்லை' என்று எழுதி, கோனைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கோனைப் பிரிக்கத் தொடங்கினாள். ஜன்னல் வழியாக நூல் பறந்தது. ஏழு மாதத்து மூச்சு, பதினேழு மைல் தூரத்துக்குக் கருவேல முள்ளிலும் செல்போன் கோபுரத்திலும் சுற்றிக்கொண்டு போனது. கண்டக்டர் பார்த்துவிட்டு டிக்கெட் கிழிக்கப் போனான். அவனுடைய அக்காவும் மில்லில்தான் வேலை பார்த்தாள். நூல் தீர்ந்து வெறும் அட்டை கையில் நின்றபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. குழுவைக் கேட்டால் எழுதமாட்டார்கள். டாக்டரைக் கேட்டாலும் எழுதமாட்டார். கேட்காமலேயே, மறுபேச்சில்லாமல், ஒரு வரிகூட விடாமல் எழுதுகிற தாள் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

அது கேட் பதிவேடு. அதை எழுதுபவர் செக்யூரிட்டி அருளப்பன். பட்டாளத்தில் பதினெட்டு வருடம் இருந்தவர், மீசைக்கும் கையெழுத்துக்கும் சம அக்கறை எடுத்துக்கொள்பவர். ஒன்பது வருடத்தில் தன் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக விட்டதில்லை என்பது அவருடைய பெருமை. மில்லிலிருந்து யார் எதைத் திருடிச் சென்று பிடிபட்டாலும், கார்பன் வைத்து மூன்று படி: வெள்ளைத்தாள் எதிரே உள்ள போலீஸ் அவுட்போஸ்ட்டுக்கு, மஞ்சள் ஆபீசுக்கு, ரோஸ் நிறத்தாள் பிடிபட்டவருக்கு.

அடுத்த சனிக்கிழமை மாலையிலிருந்து வெள்ளத்தாய் நூல் எடுக்கவில்லை. இருமல் வந்தபோது வாயைப் பொத்தி விழுங்கினாள். ஞாயிறு முழுவதும் வெந்நீர் குடித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே அது சுற்று மேல் சுற்றாகச் சேர்வது அவளுக்குத் தெரிந்தது, நெஞ்சே ஒரு கோன் ஆனதுபோல் இருந்தது. சீனித்தாய் வந்து பார்த்து, "ஏட்டி, மொகமெல்லாம் நீலம் பாய்ஞ்சிருக்கு, எடுத்துப் போட்டுத் தொலையேன்" என்று திட்டினாள். வெள்ளத்தாய் தலையை மட்டும் ஆட்டினாள். பேசினால் வந்துவிடும். திங்கட்கிழமை ஷிஃப்ட்டுக்குப் போனாள். நெஞ்சு இறுகும் நாள் அது. எட்டு மணி நேரம் கார்டிங்கில் நின்றாள். வெளியே இருந்து புதுப்பஞ்சு உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது, உள்ளேயிருந்தவர்கள் நூற்றுக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. போகிற ஷிஃப்டும் வருகிற ஷிஃப்டும் கேட்டில் மோதுகிற நேரம்; இருநூறு பெண்கள் இருந்திருப்பார்கள். சோதனை மேசைக்கு ஓரடி முன்னால் வெள்ளத்தாய் நின்றாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், வாயைத் திறந்து இருமினாள்.

அது அலசிய நூல் அன்று. சளியும் கோழையும் ஒட்டி, ரத்தம் தோய்ந்து, திப்பி திப்பியாக, அவளுடைய உள்நாக்கிலிருந்து நீண்டது, அவள் இரண்டு கையாலும் மாறி மாறி, கிணற்றுக் கயிறு இழுப்பதுபோல் இழுத்தாள், காலடியில் குவிந்தது, கணுக்கால் மறைந்தது, முழங்கால் வரை ஏறியது. யாரும் கத்தவில்லை. எல்லாருக்கும் பழகிய பொருள்தான். ஆனால் கழுவாமல் அதைப் பார்த்தது அன்றுதான். பல பெண்கள் தங்கள் தொண்டையைத் தொட்டுக்கொண்டார்கள். நுனி வந்து விழுந்ததும் அவள் அந்தக் குவியலை வாரிச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சோதனை மேசையைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே இரண்டடி எடுத்துவைத்து நின்றாள்.

"ஏம்மா! ஏம்மா வெள்ளத்தாய்! நோட்டீஸ் தெரியுமில்ல? வை கீழே" என்று அருளப்பன் எழுந்தார்.

"எடுத்துட்டுப் போறேன் அண்ணாச்சி."

"வெளிய போனா திருட்டு."

"வெளியதான் நிக்கேன். எழுதுங்க."

"எதுக்கும்மா வம்பு? உள்ள வந்து குடுத்துட்டு ஒரு சட்டிய வாங்கிட்டுப் போயேன்."

"ஒம்போது வருஷமா ஒரு கட்டம் விட்டதில்லைன்னு சொல்லுவீக. இருநூறு பேரு பாக்காக. எனக்கு மட்டும் விட்டுக் குடுப்பீகளோ?"

அருளப்பன் இருநூறு பேரையும் பார்த்தார். மீசையைத் தடவினார். உட்கார்ந்து, கார்பனைச் சரியாக வைத்து, பேனாவைத் திறந்தார். நாள், மணி, பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் அழகாக ஏறின.

"பொருள்?"

"பஞ்சு நூல்."

"யாருடைய சொத்து?" என்று தனக்குத்தானே படித்து, நோட்டீஸை நிமிர்ந்து பார்த்து, "ஆலையின் சொத்து" என்று எழுதினார். "மறைத்து வைக்கப்பட்டிருந்த இடம்?"

"நெஞ்சு."

அவர் பேனா நின்றது. "நெஞ்சுன்னா... ஜாக்கெட்டுக்குள்ளயா?"

"அண்ணாச்சி பாத்துக்கிட்டுத்தான இருந்தீக. நுரையீரலுக்குள்ள. கண்ணால பாத்ததை எழுதுங்க."

எழுதினார். நுரையீரல் என்பதற்கு எந்த 'ர' என்று ஒருகணம் தயங்கிவிட்டு எழுதினார்.

"எவ்வளவு காலமாக?"

"இருபத்தாறு வருஷமா. தினம் எட்டு மணி நேரம். மூக்கு வழியாத்தான் எடுத்தேன்."

"உடந்தை யாரும் உண்டா? இல்லைன்னு போட்டுறவா?"

வெள்ளத்தாய் கக்கத்து நூலை மறுபக்கத்துக்கு மாற்றி இடுக்கிக்கொண்டாள். மூச்சுக்காக நின்றாள் என்று அருளப்பன் நினைத்தார்.

"உண்டு. குருவம்மா. என் தங்கச்சி. நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். பதிமூணு வருஷம் எம்பக்கத்துலயே நின்னு எடுத்தா."

"அந்தப் புள்ளையா..." அருளப்பனுக்கு அவளை நினைவிருந்தது, தினமும் கையெழுத்துப் போடும்போது அவருடைய பேனாவை இரவல் கேட்பவள். குரலைத் தணித்துக் கேட்டார்: "அவ இப்ப எங்க இருக்கான்னு ஒரு கட்டம் இருக்கு, தாயி."

"ஓடைக்கரை மயானம். மேக்கால, ரெண்டாவது வரிசை."

அதையும் எழுதினார். முத்திரையை மையில் அழுத்தி மூன்று தாளிலும் குத்தினார். 'சரிபார்க்கப்பட்டது. ஆலை நிர்வாகம்.' வெள்ளைத்தாளைக் கேட்டிலிருந்த இன்னொரு காவலாள் ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் அவுட்போஸ்ட்டில் கொடுத்து ரசீதும் வாங்கிவந்த பிறகுதான், மஞ்சள்தாளைக் கையில் பிடித்தபடி சந்தானகிருஷ்ணன் ஆபீஸ் படியிறங்கி ஓடிவந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"யோவ் அருளப்பன், என்னய்யா எழுதி வச்சிருக்கே? நெஞ்சுக்குள்ள ஆலையோட பஞ்சா? அறிவிருக்கா ஒனக்கு?"

"நோட்டீஸ்ல உள்ளபடி எழுதியிருக்கேன் சார். எந்த வடிவத்தில், எந்த இடத்தில் இருந்தாலும்" என்று அருளப்பன் விறைப்பாக நின்று ஒப்பித்தார்.

சந்தானகிருஷ்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு அவள்பக்கம் திரும்பினார். குரலை மீண்டும் மென்மையாக்கிக்கொண்டார். "அந்த ரோஸ் தாளைக் கொடுங்கம்மா. இதெல்லாம் திருட்டே இல்லை. ஒரு தப்பும் நீங்க பண்ணலை. நிர்வாகம் மன்னிச்சிருச்சு."

"மன்னிக்க வேண்டாம் சார்" என்றாள் வெள்ளத்தாய். "கேஸ் போடுங்க. கோர்ட்டுக்கு வந்து, அந்தப் பஞ்சு எங்க பஞ்சுதான், அவ நெஞ்சுக்குள்ளதான் இருந்துச்சுன்னு சாட்சி சொல்லுங்க. நான் செயிலுக்குப் போறேன்."

அவர் கையை நீட்டினார். தாள் அவளுடைய ரவிக்கைக்குள் போயிருந்தது. அந்த இடத்தைச் சோதிக்க ஆண்களுக்கு அனுமதியில்லை என்று அருளப்பனின் விதிகளில் இருந்தது. அதற்குள் பின்னால் வரிசை நகர்ந்தது. சீனித்தாய் சோதனை மேசைக்கு முன்னால் வந்து நின்று, கையிலிருந்த தூக்குச்சட்டியை மேசைமேல் நங்கென்று வைத்தாள்.

"அண்ணாச்சி, புதுத்தாள் வைங்க. நான் பத்தொம்பது வருஷம் திருடியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்து இருமினாள். அவளுக்குப் பின்னால் மாரீஸ்வரி தன் சாக்கு நூலை வெட்கமில்லாமல் இழுக்கத் தொடங்கினாள்.

இதனால் வெள்ளத்தாய்க்கு நெஞ்சு குணமாகிவிடவில்லை. வழக்கு நடக்கிறது, வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருப்பது மில். திங்கட்கிழமைகளில் அவளுக்கு இப்போதும் இறுகுகிறது. மாசியில் ஒருமுறை காய்ச்சல் நெஞ்சில் இறங்கிப் பதினொரு நாள் படுத்து எழுந்தாள். உள்ளேயிருக்கும் காவலர்கள் வர வர மெலிந்த நூலாக அனுப்புகிறார்கள், எண்பதாம் கவுண்ட், நூறாம் கவுண்ட், அறுந்து அறுந்து. ஒருநாள் அதுவும் நிற்கும். அது அவளுக்குத் தெரியும்.

ரோஸ் தாளை அவள் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள், தங்கையின் போட்டோவுக்குக் கீழே. பக்கத்தில் மில் டாக்டர் கொடுத்த இறப்புத் தாளும் இருக்கிறது. மூச்சு சீராக வரும் காலைகளில் அதன் முன்னால் நின்று, அருளப்பனின் அழகான கையெழுத்தில் உள்ள கடைசிக் கட்டத்தை வாய்விட்டுப் படிப்பாள்:

"உடந்தை: குருவம்மாள், வயது 31, ஆலையின் முன்னாள் தொழிலாளி. ஆலைக்குச் சொந்தமான பஞ்சைப் பதின்மூன்று ஆண்டுகள் தன் நெஞ்சில் மறைத்து வைத்திருந்தார். இருப்பிடம்: ஓடைக்கரை மயானம். பொருள் இதுவரை மீட்கப்படவில்லை."